‘சின்ன வயசுலயே சரிபண்ணிட்டாங்க’

கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் எங்கள் வீட்டுத் தையல் மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் கீழே எங்கள் பூண்டுக்காடு முழுக்கத் தெரியும். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி எடுத்த நிலம். கீழ்ப் பாத்தியிலிருந்து ரோட்டுக்கு வர நல்ல ஏற்றம். 2018 கார்த்திகை வாக்கில் ஒன்றைக் கவனித்தேன். அதுவரை ஒரே மூச்சில் ஏறி வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் நடுவில் நிற்க ஆரம்பித்திருந்தார். நின்று, குனிந்து, பூண்டுத் தாளைத் தொட்டுப் பார்ப்பார். அப்புறம் நடப்பார். அடுத்த மாதம் இரண்டு இடத்தில் நின்றார். பயிரில் நோய் விழுந்திருக்கிறதோ என்று நானே இறங்கிப் போய்ப் பார்த்தேன். பயிர் நன்றாகத்தான் இருந்தது.

“ஏங்க, நடுவுல நடுவுல நிக்கிறீங்க? மூச்சு வாங்குதா?” என்று கேட்டேன். “இல்லையே, சும்மா பார்த்தேன்” என்றார். அப்போது அவர் மறைக்கிறார் என்று நினைத்துக் கோபப்பட்டேன். அவர் மறைக்கவில்லை என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. பிறவி இதய நோயால் பிறந்ததிலிருந்தே அரைகுறை மூச்சோடு வளர்ந்தவருக்கு முழு மூச்சு எப்படி இருக்கும் என்றே தெரியாது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும்போது அவரும் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்கிறார். தான் குறைத்துக்கொண்டதே அவருக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். இதைப் போன்ற வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி அல்லது ஒருத்தர் இதைப் படித்தால், நான் சொல்ல வந்த முதல் விஷயம் இதுதான்.

எங்கள் கல்யாணம் 2011இல். நான் நிலக்கோட்டைக்காரி. பெண் பார்க்க வந்தபோதே, “பையனுக்குச் சின்ன வயசுல நெஞ்சுல ஒரு ஆபரேஷன், அப்பவே சரிபண்ணிட்டாங்க, இப்ப மூட்டை தூக்குறான்” என்று அத்தை சொன்னார்கள். மறைக்காமல் சொன்னார்கள் என்று என் அப்பாவுக்கு அதில் திருப்தி. கல்யாணத்துக்குப் பிறகுதான் தழும்புகளைப் பார்த்தேன். தொண்டைக்குழிக்குக் கீழே ஆரம்பித்து நெஞ்சுக்கூடு முடியும்வரை ஒன்று. கைக்குக் கீழே விலாவோடு வளைந்து போகும் இன்னொன்று. இரண்டாவது எதற்கு என்று அவருக்கே தெரியாது.

அத்தைதான் சொன்னார்கள். குழந்தையில் அழுதால் உதடும் நகமும் நாவற்பழ நிறமாகிவிடுமாம். நடக்க ஆரம்பித்த பிறகு நாலு எட்டு ஓடுவான், சட்டென்று குந்தி உட்கார்ந்துவிடுவான். “விளையாடுறான்னு நெனச்சேன், கண்ணு” என்பார்கள். அது விளையாட்டில்லை. குந்தி உட்காரும்போது காலுக்குப் போகிற ரத்தக்குழாய் மடங்கி, உடம்புப் பக்கம் அழுத்தம் கூடி, நுரையீரலுக்குக் கொஞ்சம் அதிக ரத்தம் போகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு குழந்தை தனக்குத் தானே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம் அது. இதை டாக்டர் விளக்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நோயின் பெயர் டெட்ராலஜி ஆஃப் ஃபேலோ. 1888இல் இதை விரிவாக எழுதிய பிரெஞ்சு டாக்டர் ஃபேலோவின் பெயரால் வந்தது. டெட்ராலஜி என்றால் நான்கு குறைகள் சேர்ந்திருப்பது. இரண்டு கீழறைகளுக்கும் நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல், பெரிய ரத்தக்குழாய் ஓட்டைக்கு நேர்மேலே இடம் மாறி நிற்பது, இதனால் எல்லாம் வலது கீழறைச் சுவர் தடித்துப்போவது. அவருக்கு இரண்டு வயதில், நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போக, விலா வழியாக ஒரு தற்காலிக இணைப்பு வைத்தார்கள். கைக்குக் கீழே இருக்கும் தழும்பு அதுதான். ஏழு வயதில், 1991இல், வேலூரில் நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைத்துக் குறுகலை அகலப்படுத்தினார்கள். அதற்குப் பிறகு பிள்ளை நீலம் பாயவில்லை, ஓடினான், பள்ளிக்கூடம் போனான். வருடம் ஒருமுறை வேலூர் போய்வந்தார்கள். பதினான்கு வயதோடு அது நின்றுபோனது. பூம்பாறையிலிருந்து வேலூர் என்றால் அந்தக் காலத்தில் இரண்டு நாள் பிரயாணம், அந்த வருடம் உருளைக்கிழங்கு விலை விழுந்துவிட்டது, பையனும் நன்றாகத்தானே இருக்கிறான். அத்தையும் மாமாவும் செய்ததில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. “சரியாகிவிட்டது” என்ற வார்த்தையை அவர்கள் நம்பினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சரிசெய்தது உண்மை. ஆனால் குறுகலை அகலப்படுத்தும்போது, போன ரத்தம் திரும்பாமல் மூடும் வால்வு இருக்கும் வளையத்தையே வெட்டி ஓர் ஒட்டு வைத்துத் தைக்க வேண்டியிருந்தது. அப்படிச் செய்தால் அந்த வால்வு சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்புக்கும் நுரையீரலுக்குப் போன ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வலது கீழறைக்குள்ளேயே விழும். குழந்தைக்கு அது பெரிதாகத் தெரியாது. இருபது, முப்பது வருடம் விழுந்துகொண்டே இருந்தால் அந்த அறை பெருத்துத் தளர்ந்துவிடும். பெருத்த அறையில் துடிப்பும் தாளம் தப்பும். அந்த உயிரைக் காப்பாற்ற அன்றைக்கு வேறு வழி இல்லை. அதற்கான கணக்கை முப்பத்தைந்து வயதில் தீர்க்க வேண்டியிருந்தது.

2019 சித்திரையில் அவர் காட்டில் மயங்கி விழுந்தார். அரை நிமிடம்கூட இருக்காது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நெஞ்சு படபடவென்று அடித்தது, கண் இருண்டது, அவ்வளவுதான் என்றார். முதலில் பார்த்த டாக்டர் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் வேலை பார்த்ததால் கேஸ் என்று மாத்திரை எழுதினார். அவர்மேல் மட்டும் தப்பில்லை. நாங்களும் ஆபரேஷன் கதையைச் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முந்திய விஷயம் இதில் எங்கே வருகிறது என்று நினைத்துவிட்டோம். இரண்டாவது டாக்டர் இ.சி.ஜி.யைப் பார்த்து மாரடைப்பாக இருக்கலாம் என்று பயமுறுத்தி உடனே கீழே அனுப்பினார். மதுரையில்தான் உண்மை தெரிந்தது. இப்படி ஆபரேஷன் ஆனவர்களுக்கு நல்ல நாளிலேயே இ.சி.ஜி. கோணலாகத்தான் இருக்கும்.

இதிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதை இன்றுவரை விட்டதில்லை. எந்த டாக்டரிடம் போனாலும், காய்ச்சலுக்கானாலும் கண்வலிக்கானாலும், முதல் வாக்கியமே “இவருக்குப் பிறவி இதய நோய், 1991இல் ஆபரேஷன், 2020இல் வால்வு மாற்றியிருக்கிறது” என்பதுதான். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எடுத்த இ.சி.ஜி.யை என் போனிலும் அவர் போனிலும் படமாக வைத்திருக்கிறோம். புதிதாகப் பார்க்கும் டாக்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறையில் ஒரு சீட்டு இருக்கும். நோயின் பெயர், ஆபரேஷன் வருடங்கள், மாத்திரைகள், பெரிய ஆஸ்பத்திரியின் போன் நம்பர், என் நம்பர். எங்கள் ஊரிலிருந்து கொடைக்கானலுக்கே இருபது கிலோமீட்டர் மலைப்பாதை. இரவில் காட்டுமாடு குறுக்கே நிற்கும். 108 வந்து ஏற்றும்போது பேச நான் பக்கத்தில் இல்லாமல் போகலாம்.

மதுரை டாக்டர் எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்த்துவிட்டு, “இதற்கென்றே பார்க்கிறவர்களிடம் போங்கள்” என்று சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். எனக்கு நம்பிக்கையில்லை. அத்தையிடம் கேட்டதும் பேசாமல் எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, துவைத்து மடித்த ஒரு மஞ்சப்பையை எடுத்தார்கள். 1986லிருந்து 1998 வரை ஒரு காகிதம் விடாமல் உள்ளே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியில்தான் எந்த இடத்தில் ஒட்டு வைத்தார்கள் என்று எழுதியிருந்தது. மறுபடி நெஞ்சைத் திறக்கப்போகிற சர்ஜனுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சென்னையில் சொன்னார்கள். அதற்கு முந்திய மாதம்வரை, “மருமக வந்த நேரம்” என்று ஊரில் நாலு பேர் பேசியதை அத்தையும் மறுக்காமல் இருந்தார்கள் என்று எனக்குள் ஒரு வருத்தம் உண்டு. அந்தப் பையைக் கையில் வாங்கியபோது அது போய்விட்டது. அவர்கள் பெட்டியில் எத்தனை வருடப் பயம் இருந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கலாம். மாமியாரிடம், நாத்தனாரிடம், அண்ணன் வீட்டுப் பரணில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய ஆஸ்பத்திரி நம்பரோடு எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

சென்னையில் காத்திருந்த அறையை மறக்க முடியாது. சுவர் முழுக்க யானையும் முயலும் வரைந்திருந்தது. சுற்றிலும் கைக்குழந்தைகள். நடுவில் மீசை வைத்த முப்பத்தைந்து வயது மனிதர், மடியில் மஞ்சப்பையோடு. அவர் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். பிறவி இதய நோய் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் குழந்தை மருத்துவர்கள்தான். இந்த நோய்க்கு இதயத்தைத் திறந்து முழுதாகச் சரிசெய்ததே உலகத்தில் 1954இல்தான் தொடங்கியது. அப்படிப் பிழைத்த பிள்ளைகள் பெரியவர்களாகி, பிள்ளை பெற்று, வயதாவது என்பதே மருத்துவத்துக்குப் புதிய விஷயம். அதனால் வெட்கப்பட வேண்டியதில்லை என்று அந்த டாக்டரே சொன்னார்.

ட்ரெட்மில்லில் ஓடச் சொன்னார்கள். “எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், காட்டு வேலையெல்லாம் பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டு ஏறினார். அவர் வயதுக்கு ஓட வேண்டிய அளவில் பாதிகூட ஓட முடியவில்லை. இறங்கியபோது அவர் முகத்தில் இருந்தது வலியில்லை, ஆச்சரியம். அன்றைக்குத்தான் அவர் தன் மூச்சை முதல்முறையாக இன்னொரு மனிதருடைய மூச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதன்பின் எம்.ஆர்.ஐ. வலது கீழறை எத்தனை மில்லிலிட்டர் பிடிக்கிறது என்று அதில் அளக்கிறார்கள். முற்றிலும் தளர்வதற்கு முன்னால் வால்வை மாற்றினால்தான் அறை மறுபடி சுருங்கும், அதிகம் தள்ளிப்போட்டால் மாற்றியும் முழுப் பலன் கிடைக்காது என்றார்கள். இருபத்துநாலு மணி நேரம் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு துடிப்பைப் பதியும் ஹோல்டர் மிஷினும் போட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு கட்டிலிலேயே படுத்திருந்தால், வேலை செய்யும்போது வரும் கோளாறு அதில் பதிவாகாது. வழக்கமான வேலையைச் செய்ய வேண்டும். சென்னையில் மலை ஏது, ஆஸ்பத்திரி மாடிப்படியிலேயே ஏறி இறங்கினோம், நானும் கூடவே.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. இப்போது ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். நாங்கள் சேர்ந்தபோது 72,000. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் பதிந்தோம். ஆபரேஷன் செலவு அதில் வந்தது. வண்டி, தங்கல், சாப்பாடு, ஒரு மாதம் வேலையில்லாதது எல்லாம் எங்கள் கையிலிருந்து. இந்தக் கார்டை நோய் வந்த பிறகு வாங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

2020 பொங்கல் முடிந்து ஆபரேஷன். இரண்டாம் முறை நெஞ்சைத் திறந்து, விலங்குத் திசுவால் செய்த வால்வு வைத்தார்கள். உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாத மாத்திரை வேண்டும். இதற்கு வேண்டாம், ஆனால் இது என்றென்றைக்கும் வராது, பத்துப் பதினைந்து வருடத்தில் மறுபடி மாற்ற வேண்டியிருக்கலாம். அப்போது நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே வைக்க வாய்ப்பு உண்டு என்றார்கள்.

இருமினால் நெஞ்சு பிளந்துவிடும் போலிருக்கும். அதற்கு ஒரு தலையணையை இறுக அணைத்துக்கொண்டு இருமச் சொல்வார்கள். அந்தத் தலையணை வீட்டுக்கும் வந்தது. ஊருக்குத் திரும்பும்போது சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலும் அதுதான். பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து கொடை ரோட்டில் இறங்கி, நேரே மலை ஏறாமல் நிலக்கோட்டையில் என் அம்மா வீட்டில் தங்கினோம். மாமியார் வீட்டில் ஒரு மாதத்துக்குமேல் படுத்துக் கிடப்பதா என்று அவருக்கு மனசே இல்லை. எலும்பு சேர மூன்று மாதம் ஆகும், முதல் வாரங்களில் குடம்கூடத் தூக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இருந்தால் குடத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். தவிர, தினமும் ஒரு டாக்டர் எட்டும் தூரத்தில் இருப்பது அந்த மாதத்தில் எனக்கு நிம்மதி.

அந்த நாட்களில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று நடந்தது. அவர் இரவில் அழுதார். காரணம் கேட்டால் தெரியவில்லை என்பார். மூன்று வாரம் யாரோடும் பேசவில்லை. உடம்பு தேறுகிறது, இவர் ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை. பெரிய இதய ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு இப்படி மனசு விழும், விடாமல் இருந்தால் அதற்கும் மருத்துவம் உண்டு என்று போனில் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்ன பிறகுதான் பயம் குறைந்தது. முன்பே சொல்லியிருந்தால் அந்த மூன்று வாரத்தில் நான் அவரிடம் இன்னும் மெதுவாக இருந்திருப்பேன்.

முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் கொடுத்தார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையை நிறுத்தணுமா என்று கேட்டேன். நிறுத்த வேண்டாம், ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் இல்லவே இல்லை என்று மாற்றாமல், ஒரே அளவில் சாப்பிடட்டும் என்றார்கள். பெரிய சிக்கல் பூண்டுதான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஊரில் எல்லாருக்கும் அதன் மருத்துவக் குணம் பற்றிப் பெருமை. பார்க்க வந்த ஒவ்வொருவரும், “நம்ம பூண்ட தேன்ல ஊறவச்சு வெறும் வயித்துல பத்துப் பல்லு குடு, அடைப்பே இருக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்பில் சொல்கிறார்கள். ஆனால் இது கொழுப்பு அடைத்து வந்த நோயே இல்லை. அதோடு, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடும்போது பச்சைப் பூண்டை மருந்துபோல அள்ளித் தின்றால் ரத்தக்கசிவு கூடலாம். குழம்பில் போடுவது போதும் என்று டாக்டர் சொன்னதை வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. மார்ச் ஆரம்பத்தில் மலை ஏறினோம். அந்த மாதக் கடைசியில் ஊரடங்கு. ரத்தப் பரிசோதனைக்குக் கொடைக்கானல் போகும்போது வழியில் நிறுத்திய போலீஸ்காரர்களிடம் மஞ்சப்பையைத்தான் காட்டினோம்.

மலை ஏறிய முதல் இரவை மட்டும் சொல்லிவிடுகிறேன். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் வாங்கியிருந்தேன். சென்னையில் 98 காட்டியது பூம்பாறையில் 94 என்று காட்டியது. எனக்குக் கை நடுங்கியது. உடனே வண்டி கூப்பிடலாமா என்று யோசித்துக்கொண்டே அதை என் விரலில் மாட்டினேன். 95. அத்தைக்கு மாட்டினேன். 93. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம்தான் அதிகம். மலையில் இருக்கிற எல்லோருக்குமே எண் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். அவருடைய வழக்கமான எண் எது என்று நல்ல நாட்களில் ஒரு வாரம் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அதிலிருந்து இறங்கினால்தான் கவலை. ஆனால் எல்லாப் பிறவி இதய நோயும் ஒன்றில்லை. நுரையீரலில் அழுத்தம் கூடியவர்கள், ஆபரேஷன் ஆகாமல் நீலம் பாய்ந்திருப்பவர்கள் மலைக்கு வருவதற்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். சீசனில் இங்கே வரும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் இது என் நினைவில் ஓடும். மார்கழிக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு வைப்பதும் அப்படித்தான். அந்தப் புகையில் வாசனையே இல்லாத விஷவாயு உண்டு. நல்ல இதயம் உள்ளவர்களையே தூக்கத்தில் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் கம்பளிதான்.

இப்போது ஆயுள் முழுக்கக் காக்க வேண்டியது, வால்வில் கிருமி பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. எண்டோகார்டைடிஸ் என்பார்கள். பெரும்பாலும் வாயிலிருந்துதான் கிருமி ரத்தத்தில் இறங்கும். அதனால் காலையும் இரவும் பல் தேய்ப்பது எங்கள் வீட்டில் மாத்திரைக்குச் சமம். பல் பிடுங்குவது, ஈறில் கை வைப்பது என்றால் ஒரு மணி நேரம் முன்னால் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டும். அவருக்கு எழுதிக் கொடுத்தது அமாக்சிசிலின் 2 கிராம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு. பல் டாக்டர் கேட்க மறந்தாலும் நாம் சொல்ல வேண்டும்.

அதைவிட எங்கள் பக்கம் முக்கியமான ஒன்று உண்டு. 2022 ஐப்பசியில் அவருக்கு நாலு நாளாகக் காய்ச்சல். மருந்துக்கடையில் வழக்கம்போல ஆன்டிபயாடிக் அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். அவர் வாயில் போடப் போனார். நான் பிடுங்கிக்கொண்டேன், அன்று அவருக்கு என்மேல் கோபம். செயற்கை வால்வு இருப்பவருக்குக் காய்ச்சல் நீடித்தால் முதலில் ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆன்டிபயாடிக். முதலிலேயே மாத்திரை போட்டால் கிருமி பாதி செத்து, பரிசோதனையில் தெரியாமல், வால்வுக்குள்ளேயே பதுங்கிவிடும். மதுரைக்குப் போய் வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஆனால் ஒரு சின்ன டாக்டர் அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இடுப்புத் துணி இறுகும் இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கறுப்புப் புண்ணைக் கண்டுபிடித்தார். உண்ணிக் காய்ச்சல். புதருக்குள் வேலை செய்கிறவர்களுக்கு வருவது. டாக்சிசைக்ளின் கொடுத்து இரண்டு நாளில் இறங்கியது. வால்வு தப்பித்தது. அந்த இரண்டு இரவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பழனி முருகனிடம் என்னென்ன வேண்டினேன் என்று எழுத வேண்டாம்.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013இல் பிறந்தாள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பிறவி இதயக் குறை இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பொதுவாகவே ஆயிரம் குழந்தைக்கு எட்டு, ஒன்பது பேருக்கு ஏதாவது ஒரு இதயக் குறை இருக்கும். பெற்றோருக்கு இருந்தால் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து என்கிறார்கள். வயிற்றில் இருக்கும்போதே 18 முதல் 22 வாரத்துக்குள் குழந்தையின் இதயத்தை எக்கோவில் பார்க்கலாம். நாங்கள் அவளுக்கு ஆறு வயதில் பார்த்தோம், ஒன்றுமில்லை. நோய் மனைவிக்கு இருந்து, கர்ப்பம் தரிக்க நினைத்தால், முதலில் இதய டாக்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாத்திரைகளில் சில குழந்தைக்கு ஆகாது. கருத்தடை மாத்திரையும் அப்படித்தான், எல்லாருக்கும் ஏற்றதில்லை.

இவ்வளவும் செய்தேன் என்று எழுதும்போது நான் நல்ல மனைவியாக இருந்தேன் என்று தோன்றும். ஒரு கட்டத்தில் இல்லை. உண்ணிக் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு வருடம் அவரை நான் ஒரு நிமிடம் விடவில்லை. மாத்திரையை எண்ணினேன். மண்வெட்டியை ஒளித்து வைத்தேன். பிக்கப் வண்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். 2019இல் மயக்கம் வந்த பிறகு டாக்டர் ஓட்ட வேண்டாம் என்று சொன்ன மாதங்களில் சாவியை நான் வைத்திருந்தது நியாயம். ஆனால் டாக்டர் ஓட்டலாம் என்று சொன்ன பிறகும் நான் கொடுக்கவில்லை. இரவில் அவர் தூங்கும்போது மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் அவர் தூங்கவே இல்லை. கண்ணை மூடியபடியே, “நீ என்னய பார்க்கும்போது என்னய பார்க்கல, நெஞ்சத்தான் பார்க்கிற” என்றார். அந்த வருடம் முழுக்க, படபடப்பு வந்தால்கூட என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். சொன்னால் நான் காட்டுக்கு விடமாட்டேன் என்று. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, அவர் உடம்பைப் பற்றி எனக்குத் தெரிய இருந்த ஒரே வழியை நானே அடைத்திருக்கிறேன்.

அப்புறம் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். காலையில் காபி கொடுக்கும்போது ஒரே ஒருமுறை கேட்பேன். அவர் உள்ளதைச் சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும் நான் அந்த இடத்தில் கத்தவோ அழவோ கூடாது. அதன்பிறகு நாள் முழுக்கக் கேட்கமாட்டேன். பெரிய முடிவு எதுவானாலும் டாக்டரிடம் கேட்டு அவரே எடுப்பார். நான் பார்த்ததை மட்டும் நோட்டில் தேதி போட்டு எழுதுவேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகும்போது முதலில் அவர் பேசுவார், அப்புறம் நோட்டைக் கொடுப்போம். “எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்” என்று அவர் சொன்னதும் டாக்டர் நோட்டைப் புரட்டுவார். மே மாதத்தில் மட்டும் தேதி வாங்குவதில்லை. சீசன் நெரிசலில் பெருமாள்மலையைத் தாண்டுவதற்குள் பாதி நாள் போய்விடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வலது அறை சுருங்கியிருக்கிறது. கீழ்ப் பாத்தியிலிருந்து நிற்காமல் ஏறி வருகிறார். ஜன்னலோரம் நான் மிஷினை மிதித்துக்கொண்டே பார்ப்பேன், அது பழக்கமாகிவிட்டது.

போன புதன்கிழமை காபியை வாங்கிக்கொண்டே, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்: “நேத்து வேப்பெண்ண அடிச்சுட்டு ஏறி வரும்போது ஒரு எடத்துல நின்னேன். பூண்ட பார்க்கிறதுக்கு நிக்கல. மூச்சு வாங்குச்சு.” சரிங்க என்றேன். நோட்டை எடுத்துத் தேதி போட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். செப்டம்பரில் இருந்த எக்கோவை முன்கூட்டியே தரச் சொல்லிச் சென்னைக்குப் போன் பண்ணினார், அவரே.